அடுப்பெல்லாம் மலைமேல்

பேரன்புக்கும், அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய குத்ரூன் அக்காவுக்கு,

தம்பி ஆர்ன்ஃபின் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாரித்தும் நலம். ஒஸ்லோவில் உன் நலமும், உன் இடது முழங்காலின் நலமும், யாரைக் கண்டாலும் சீறுகிற உன் பூனையின் நலமும் அறிய ஆவல். இந்த வருஷம் பனி அவசரப்பட்டு வந்துவிட்டது. மாரித் உனக்காகப் பின்னுகிற காலுறையில் ஒன்று முடிந்தது, இன்னொன்று பாதியில் நிற்கிறது. கிறிஸ்துமஸுக்குள் இரண்டும் உன் காலுக்கு வந்துவிடும் என்று சொல்லச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். நம் மலைவீட்டில் அப்பா வாங்கி வைத்த காஸ் அடுப்பு, தண்ணீர் கேன்கள், ஆட்டுத்தோல் விரிப்புகள், கம்பளிப் போர்வைகள், மண்ணெண்ணெய் விளக்குகள், பேட்டரி ரேடியோ, கொட்டகையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த விறகு, இதில் எதுவும் இப்போது அங்கே இல்லை. பதறாதே, திருடு போகவில்லை, போலீசுக்குப் போன் போட்டுவிடாதே. நான்தான் இறக்கி வந்து எங்கள் குடியிருப்பின் நிலவறையில் வைத்திருக்கிறேன். ‘மலைவீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட கீழே இறங்கக் கூடாது’ என்று அப்பா போட்ட சட்டம் எனக்கு மறக்கவில்லை. ஒரு டீஸ்பூன் என் பையில் தவறி வந்ததற்காக, நீ என்னைப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறக்கித் திருப்பி அனுப்பியதும் மறக்கவில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு வந்து, கதவைத் திறந்து, வெறும் சுவரைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. பாதியில் திட்டாதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

உனக்குத் தெரியும், மலைச் சுரங்கப் பாதைகளில் எது எது கெட்டுப்போகும், காற்று எப்போது நிற்கும், புகை எந்தப் பக்கம் போகும் என்று யோசிப்பதற்கே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றுவிட்டது, யோசனை நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எங்கள் க்ரான்லியா குடியிருப்பில் என்னை ஆபத்துக்கால ஆயத்தக் குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள். குழுவில் வேறு யாரும் இல்லை என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். போன வருஷம் தொற்றுநோய் ஒத்திகை நடந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, படிக்கட்டில் நின்று பேசக் கூடாது, அடுத்தவர் கதவைத் தட்டக் கூடாது என்று நகராட்சி சொன்னது. எங்களுக்கு அதற்கென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எப்போதும்போல் இருந்தோம், நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்தப் பெருமையில்தான் இந்த வருஷம் மின்தடை ஒத்திகைக்கும் நாங்களே வருகிறோம் என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். நாக்கில் சனி.

ஒத்திகைக்கு முன்னால் பொது அறையில் கூட்டம். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இருந்ததால் எல்லோரும் வந்திருந்தார்கள். நகராட்சியில் பேரிடர்ப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிற இங்வில்ட் என்கிற பெண், நல்ல பெண், கண்ணில் எப்போதும் ஒரு கவலை, எழுந்து நின்று கேட்டாள்.

“ஒரு வாரம் கரண்ட் இல்ல, கடை இல்ல, யாரும் வரமாட்டாங்கன்னு வச்சுக்குங்க. காஸ் அடுப்பு யார்கிட்ட இருக்கு?”

அறை முழுக்கக் கை. முதலில் உயர்ந்த கை என்னுடையது.

“தண்ணி கேன்?” எல்லாக் கையும். “விறகு? கம்பளி? பேட்டரி ரேடியோ?” கை இறங்கவே இல்லை. அக்கா, அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “எத்தனையோ குடியிருப்புக்குப் போயிருக்கேன், இப்படி ஒண்ணப் பாத்ததில்ல சார்” என்றாள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

கை தூக்காத ஒரே ஆள் மூன்றாம் மாடி போர்கில்ட் அம்மாள். எண்பதைத் தாண்டியவர், வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருடைய கணக்கைக் கிளறிப் பார்த்தவர். இன்றைக்கும் அவர் மாடிப்படியில் எதிரே வந்தால் ஆண்கள் காரணமில்லாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக இருக்கிறார். அந்த மெஷின் கரண்டில் ஓடுகிறது.

“எங்கிட்ட ஒரு மெழுகுவத்தி இருக்கு. அதுவும் பாதிதான்” என்றார் அம்மாள்.

எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம். எங்கள் சங்கத் தலைவர் ஸ்டைனார், எலக்ட்ரீஷியன், தோள் இரண்டும் கதவளவு இருக்கும், எழுந்து, “எங்கிட்ட ஜெனரேட்டர் இருக்கும்மா. புதுசு. ஒத்திகை நடக்கறப்போ உங்க மெஷினுக்கு நான் பொறுப்பு” என்று மார்தட்டினான். எல்லோரும் கை தட்டினோம். அது பொய்யே இல்லை, அக்கா. அன்றைக்கு அந்த அறையில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை.

ஒத்திகைக்கான விதிகளை நான்தான் எழுதினேன். ஒன்று, போனில் பேசுகிறவர் முதலில் ‘ஒத்திகை, ஒத்திகை’ என்று சொல்ல வேண்டும். நிஜமென்று நினைத்து யாரும் அலறிவிடக் கூடாதல்லவா? இரண்டு வாரம் பழகினேன். சாப்பாட்டு மேஜையில்கூட, “ஒத்திகை, ஒத்திகை, அந்த உப்ப இப்படித் தள்ளு” என்பேன். மாரித் தள்ளமாட்டாள். இன்னொரு விதி, மெயின் சுவிட்சை அணைத்ததும் மின்பலகை அறையைப் பூட்டிச் சீல் வைக்க வேண்டும், யாராவது நைசாகப் போய்ப் போட்டுக்கொண்டு டிவி பார்த்துவிடக் கூடாது. சாவி ஸ்டைனாரிடம். அப்புறம் நகராட்சி ஊழியர்களைச் சோதிக்க ஒரு நாடகமும் எழுதிக் கொடுத்தேன். ‘ஒரு மூதாட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் போன் செய்வார், இது நிஜம், நிஜம் என்று கத்துவார், ஊழியர் பதற்றப்படாமல் ஒத்திகை முறைப்படி குறித்துக்கொள்ள வேண்டும்.’ இதை எழுதி முடித்தபோது எனக்கே என் மூளையை நினைத்துப் புல்லரித்தது. கொஞ்சம் பொறு, இதுவும் பின்னால் வருகிறது.

ஒத்திகை நாள் வெள்ளிக்கிழமை. ஏன் வெள்ளிக்கிழமை வைத்தேன் என்று கேட்காதே, மாரித் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் மஞ்சள் அங்கியும் கையில் ஒலிபெருக்கியுமாக முற்றத்தில் நின்றேன். ஸ்டைனார் சுவிட்சை அணைத்தான். குடியிருப்பு முழுவதும் ஒரே மூச்சில் இருண்டது. பூட்டினான், சீல் வைத்தான், சாவியைப் பைக்குள் போட்டான். நான் ஒலிபெருக்கியில், “ஒத்திகை, ஒத்திகை! எல்லாரும் அவங்கவங்க அடுப்பு, தண்ணியோட முற்றத்துக்கு வாங்க!” என்று கத்தினேன்.

வந்தார்கள். இப்படி ஒழுங்காக ஒரு கூட்டம் படியிறங்கி நான் பார்த்ததில்லை. தோளில் பனிச்சறுக்குக் கட்டை, கையில் பை, பின்னால் நாய், பிள்ளைகள். வரிசையாக வந்தவர்கள் என்னைத் தாண்டி வரிசையாகக் காருக்குப் போனார்கள்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றேன், முதல் மாடி இசை வாத்தியாரிடம்.

“மலைவீட்டுக்கு. வெள்ளிக்கிழமையாச்சே, வாரக் கடைசிக்கு எல்லாரும் அங்கதானே.”

“இன்னிக்கு ஒத்திகைங்க!”

“தெரியுமே. கரண்ட் இல்லைன்னா என்ன செய்யணும்? அடுப்பு இருக்கற எடத்துக்குப் போகணும். அடுப்பு மேலதானே இருக்கு?”

“உங்க தண்ணி கேன்?”

“மேல. இங்கதான் குழாய்ல தண்ணி வருதே!”

எனக்கு அப்போதுதான் ஜெனரேட்டர் நினைவு வந்தது. ஸ்டைனார் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“யோவ், ஜெனரேட்டர் எங்கய்யா?”

“மேல இருக்கு. ஒரு எட்டுப் போய் எடுத்துட்டு வந்துடறேன். அம்மா மெஷின்ல பேட்டரி இருக்கில்ல, அதுக்குள்ள வந்துடுவேன்.”

“புது ஜெனரேட்டர மலை மேலயா வச்சிருக்க?”

அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “பின்ன இங்க எதுக்குய்யா? இங்கதான் கரண்ட் இருக்கே!”

போய்விட்டான். சாவியோடு. அடுத்து மாரித் வந்தாள், தோளில் பையோடு.

“ஏங்க, நம்ம காஸ் அடுப்பு எங்க இருக்கு?” என்றாள்.

அக்கா, உனக்குத் தெரியாதா எங்கே இருந்தது என்று?

“அங்கதான் நானும் போறேன். நீங்க ஒலிபெருக்கிய மூட்டிக் குளிர் காயுங்க” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முற்றத்தில் நானும், எனக்குப் பின்னால் இருட்டுக் கட்டடமும், மூன்றாம் மாடியில் பாதி மெழுகுவத்தி வெளிச்சமும்தான் மிச்சம்.

மேலே ஏறிப் போனேன். அம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மெஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் போயாச்சா?” என்றார்.

“ஸ்டைனார் வந்துடுவாம்மா.”

“வருவான், வருவான். அவன் அப்பன் வரி கட்டறேன்னு சொல்லிட்டுப் போனவன்தான்.”

“உங்களுக்கு ஏம்மா ஒரு மலைவீடு இல்ல?” என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

“ஊர்ல உள்ளவங்கல்லாம் மலைவீட்ட எந்தப் பணத்துல கட்டினாங்கன்னு விசாரிச்சே என் காலம் போயிடுச்சு தம்பி. எனக்குன்னு ஒண்ணு கட்ட எங்க நேரம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போன் அடித்தது. ஸ்டைனார். மலைக் கணவாயில் பனிப்புயல், தடுப்பைப் போட்டுவிட்டார்கள், பனி அள்ளும் வண்டி வந்து முன்னால் போனால்தான் பின்னால் எல்லோரும் வரிசையாகப் போகலாம், மேலேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை, பின்னால் குடியிருப்பே நிற்கிறது என்றான். “சாவி?” என்றேன். “பையிலதான்யா பத்திரமா இருக்கு” என்றான். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இங்வில்டுக்குப் போட்டேன். “சார், ஒத்திகை, ஒத்திகை, நானும் அதே லைன்லதான் நிக்கிறேன்” என்றாள், குரல் உடைந்துபோய். வெள்ளிக்கிழமை அல்லவா? அவள் குடும்பத்துக்கும் மேலே ஒரு வீடு இருக்கிறதல்லவா? “நகராட்சி சாட்டிலைட் போன்லேர்ந்து யாரையாவது கூப்பிடும்மா” என்றேன். “அது மலைவீட்டுல இருக்கு சார். கீழதான் சிக்னல் நல்லா இருக்கே...” என்று இழுத்தாள். அவள் காருக்கு முன்னால் தீயணைப்புத் தலைவர், பின்னால் மாவட்ட மருத்துவர். ஊரைக் காப்பாற்ற வேண்டிய அத்தனை பேரும் ஒரே வரிசையில், இன்ஜினை அணைத்துவிட்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அது மட்டுமா? முப்பது வருஷம் ஒரே படிக்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், அங்கே பனியில் இறங்கி, பிளாஸ்க் காப்பியைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் நாய்க்கு ஒருவர் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். முற்றத்தில் நான் நடத்த நினைத்த ஒத்திகை அங்கே தானாக நடந்துகொண்டிருந்தது, நான் இல்லாமல்.

அப்போது மெஷின் கூவியது. பேட்டரி குறைந்தால் அப்படிக் கூவுமாம். நகராட்சியின் அவசர எண்ணை அழுத்தினேன். எடுத்த பெண்ணிடம் என் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கிறாய்? இரண்டு வாரம் பழக்கிய வாய்.

“ஒத்திகை, ஒத்திகை! க்ரான்லியா மூணாம் மாடி, ஒரு அம்மாவுக்கு ஆக்சிஜன் நிக்கப்போவுது!”

“சரிங்க சார், குறிச்சுக்கிட்டேன்” என்றாள், மிக இனிமையாக.

“குறிக்காதீங்க! இது நிஜம்! நிஜமா நிஜம்!”

“ஆமாங்க சார், அப்படிக் கத்துவீங்கன்னு இங்க போட்டிருக்கு. ரொம்ப நல்லா பண்றீங்க. குரல்கூட நடுங்குது.”

வைத்துவிட்டாள். நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். அவளை நான் குறை சொல்ல முடியுமா? ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன், அவசரத்தில் எண் மாறி வேறு யாருக்கோ போனது. மறுபடி அழுத்தப் போனவன் திரும்பிப் பார்த்தேன். அம்மாளின் உதடு லேசாக நீலம் ஓடியிருந்தது. அக்கா, அப்போது எனக்குப் பயம் வந்தது. சுரங்கத்துக்குள் லாரி எரிந்தபோதுகூட வராத பயம். இந்த அம்மாள் இந்த நாற்காலியில், என் மஞ்சள் அங்கிக்கு எதிரில், நான் போட்ட விதியால் போய்விடப்போகிறார் என்று தோன்றியது.

அம்மாள் பேசவில்லை, பேச மூச்சில்லை. கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். தெருவுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் அணைத்தது எங்கள் சுவிட்சை மட்டும்தானே!

இதைக் கேட்டு நீ சிரிப்பாய், ஆனால் உண்மையைச் சொல்கிறேன். ஒரு நொடி நான் தயங்கினேன். முன்பின் தெரியாதவர் வீட்டு மணியை, முன்கூட்டிச் சொல்லாமல், வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்கு வீடு டாகோ ரொட்டி சாப்பிடுகிற நேரத்தில் அடிப்பதா? எதிர்வீட்டுக்காரர்களை இருபது வருஷமாக ஜன்னல் வழியே பார்க்கிறேன், அவர்கள் சோபா மாற்றியதுகூடத் தெரியும், பெயர் தெரியாது. பூகம்பம் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். இதற்கு எனக்குப் பயிற்சியே இல்லை. அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். கணக்கில் இடிக்கிற இடத்தைப் பார்க்கிற பார்வை. ஓடினேன்.

கதவைத் திறந்தவர் கையில் பாதி டாகோ. நான் மூச்சிரைக்க, “ஒத்திகை, ஒத்திகை... கொஞ்சம் கரண்ட் கிடைக்குமா?” என்றேன். அதைத்தான் சொன்னேன், வாய் திருந்தவில்லை.

அவர் என்னையும் என் அங்கியையும் பார்த்தார். “எவ்வளவு வேணும்?” என்றார்.

சர்க்கரை கேட்டதுபோல்! அந்த மனிதர் பெயர் யோஸ்டைன். விஷயத்தைச் சொன்னதும் டாகோவை வாயில் முழுசாகத் திணித்துக்கொண்டு ஓடினார். அவர் மனைவி ஓடினாள். குளிர்காலத்தில் கார் இன்ஜினைச் சூடாக்க வைத்திருக்கிற நீளக் கேபிள் ஒவ்வொரு காருக்கும் ஒன்று இருக்குமே, அந்தக் குடியிருப்பில் மணி மணியாக அடித்து, ஒவ்வொன்றாக வாங்கி, ஒன்றோடொன்று மாட்டித் தெருவைக் கடந்து இழுத்தோம். நான் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து அம்மாளின் துணிக்கொடியை இறக்கினேன், யோஸ்டைன் கீழே கேபிளைக் கட்டினார், நான் மேலே இழுத்தேன். மாட்டினேன். மெஷின் ஒருமுறை இருமியது, அப்புறம் சீராக ஓட ஆரம்பித்தது. அம்மாளின் உதட்டில் நிறம் திரும்பியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், அக்கா. ஒத்திகை இல்லை, நிஜமாகவே அழுதேன்.

யோஸ்டைன் வீட்டிலிருந்து டாகோவெல்லாம் தட்டோடு மேலே வந்துவிட்டது. எங்கள் காஸ் அடுப்பெல்லாம் மலைமேல் இருந்த கதையைக் கேட்டு அவர் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அம்மாளுக்கு மூச்சு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது.

“இருவது வருஷமா ஜன்னல்லேர்ந்து பாக்கறேன். இவ்வளவு உப்புப் போடுவீங்கன்னு தெரியல” என்றார்.

“அம்மா, நீங்க வரி ஆபீஸ்ல...?” என்றார் யோஸ்டைன், முகம் வெளுத்து.

“சாப்புடுங்க. நான் ரிட்டயர் ஆயிட்டேன்.”

ஸ்டைனார் மறுநாள் மத்தியானம் வந்தான், பனிபடிந்த மீசையோடு, ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அம்மாள் கதவில் நின்று, “வச்சிட்டுப் போ, அடுத்த ஒத்திகைக்கு ஆகும்” என்றார். அவனும் பிள்ளை மாதிரி தலை குனிந்து நின்றான்.

அதற்கப்புறம் மறுபடியும் கூட்டம், மறுபடியும் வாஃபிள். இங்வில்ட் எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். மனிதர்கள் கீழேயும் பொருள்கள் மேலேயும் இருக்கிற ஊரை யாரால் காப்பாற்ற முடியும் என்று தீயணைப்புத் தலைவரே எழுந்து பேசினார். ஒரே முடிவு: மலைமேல் இருப்பதெல்லாம் கீழே இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொதுவேலை நாள் போட்டோம், வராதவர் கேக் செய்து கொண்டுவர வேண்டும் என்று பயமுறுத்தினோம். கார் காராக இறங்கியது பார், காஸ் அடுப்பும் கேனும் விறகும் விளக்கும்! எங்கள் நிலவறை இப்போது நார்வே நாட்டிலேயே மிகப் பத்திரமான இடம். ஜெனரேட்டர் வெளியே தாழ்வாரத்தில், பொது அறையின் இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் நம் விறகு. எல்லோரும் கொண்டுவரும்போது குழுத் தலைவர் மட்டும் வெறுங்கையோடு நிற்க முடியுமா? அதனால்தான் அப்பாவின் சட்டத்தை மீறினேன். அலமாரியில் அவர் பூட்டி வைத்த அக்குவாவிட் சாராய பாட்டிலை மட்டும் தொடவில்லை, அது ஆயத்தப் பொருள்களில் சேராது என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஓர் உறுதிமொழியும் எடுத்தோம். இனி ஆபத்து என்று வந்தால் ஒருவரும் மலைக்கு ஓடுவதில்லை, இங்கேயே கூடுவது, முதலில் போர்கில்ட் அம்மாள் கதவைத் தட்டுவது. எல்லாக் கையும் உயர்ந்தது. முதல் கை என்னுடையது. அம்மாள் மட்டும், “கை தூக்கறதுல உங்கள யாராலயும் அடிச்சுக்க முடியாது” என்றார். வயதானவர், ஏதோ ஒரு கசப்பு, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, அக்கா, மலைவீடு வெறுமையாக இருக்கிறது என்று மனம் நோகாதே. ஓர் உயிருக்காகச் செய்தது. அப்பா இருந்திருந்தால் கத்தியிருப்பார், கத்திவிட்டு அவரே விறகைச் சுமந்திருப்பார். நீயும் அப்படித்தான் என்று நம்பி எழுதுகிறேன். இந்தக் குளிர்காலம் முழுக்க உன் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கட்டும், உன் வீட்டுக் குழாய் உறையாமல் இருக்கட்டும், உன் பூனை யாரையாவது ஒருவரையாவது நேசிக்கட்டும். மாரித்தின் அன்பும் இதில் சேர்த்தி.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
தம்பி ஆர்ன்ஃபின்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் தபாலில் போடக் கிளம்பும்போது, இன்று வெள்ளிக்கிழமை மதியம், ஊர் முழுவதும் நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. கடற்கரைப் பக்கம் புயல், கம்பிகள் அறுந்துவிட்டனவாம். நான் ஒலிபெருக்கியைத்தான் தேடினேன், சத்தியமாக. ஆனால் மாரித் காரைக் கிளப்பியிருந்தாள், பக்கத்தில் கதவு திறந்திருந்தது, முன்னால் ஸ்டைனார் கார், அதற்கு முன்னால் இசை வாத்தியார் கார், என் கால் தானாக ஏறிவிட்டது. கணவாயைத் தாண்டி, பின்னால் தடுப்பு விழுந்த பிறகுதான் எனக்குப் போர்கில்ட் அம்மாள் நினைவு வந்தது. மாரித்தைக் கேள், காருக்குள் நான் போட்ட சத்தத்தை. அம்மாளுக்குப் போன் போட்டேன்.

“எனக்கென்ன தம்பி, ராணி மாதிரி இருக்கேன். யோஸ்டைன் வந்து மணியடிச்சான். ஜெனரேட்டரப் போட்டுட்டான். அவன் பொண்டாட்டி, புள்ளைங்க, அந்தக் கட்டடத்து ஜனம் அத்தனையும் நம்ம பொது அறைலதான் இருக்கு. உங்க காஸ் அடுப்புல சூப்பு கொதிக்குது. உங்க ஆட்டுத்தோல்ல புள்ளைங்க தூங்குது. எல்லாம் இருக்கு. நீங்கதான் யாரும் இல்ல” என்றார். அப்புறம், “இது ஒத்திகையா, நிஜமா?” என்று கேட்டார். “நிஜம்மா” என்றேன். “அப்ப சரி, இந்தத் தடவை நல்லா நடக்குது” என்று வைத்துவிட்டார்.

இதை மலைவீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். விறகடுப்பு இருக்கிறது, விறகு இல்லை. விளக்கு மாட்டும் ஆணி இருக்கிறது, விளக்கு இல்லை. உனக்குப் பின்னிய காலுறை ஒன்று முடிந்ததே, அதை மாரித் தன் ஒரு காலில் போட்டுக்கொண்டு என்னோடு பேசாமல் இருக்கிறாள். சற்று முன் ஸ்டைனார் பக்கத்து மலையிலிருந்து பனிச்சறுக்கில் வந்து, கொஞ்சம் விறகு கிடைக்குமா என்று கேட்டான். இப்போது அவனும் இங்கேதான் இருக்கிறான். அப்பாவின் அலமாரிப் பூட்டை உடைத்துவிட்டோம், மன்னித்துக்கொள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காமல் கிளம்பி வா, வரும்போது விறகு கொண்டு வா.